பரங்கிப்பேட்டை இரும்பும் ஒரு மடக்குக்கத்தியின் ஓட்டையும்

இன்றைய எபிசோடு உடைந்துபோன ஒரு டேப்பில் இருந்து தொடங்குது. டேப்னா தண்ணி வர்ற குழாய் இல்ல, பார்சல் ஒட்டுற டேப்பும் இல்ல. உலோகத்தில் போட்ட ஓட்டைக்குள்ளே மரை வெட்டுகிற டேப். திருகாணி பிடிக்கணும்னா ஓட்டையின் உள்சுவரில் சுருள் சுருளா ஒரு தடம் வேணும் இல்லையா, அதை வெட்டுற கருவி.

எனக்கு ஒரு ஆசை வந்தது. வீடியோ பார்த்துப் பார்த்து வந்த ஆசைதான், மறைக்க என்ன இருக்கு. ஒரு மடக்குக்கத்தி நானே செய்யணும். கொய்யாப்பழம் நறுக்குற அளவுக்குச் சின்னது போதும். அலகுக்கு ஒரு பட்டை எஃகு, இரண்டு பக்கத்துக்கும் இரண்டு மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகடு, பிடிக்குத் தேக்கு. அலகை அறுத்து, ராவி, தேய்ச்சது எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிஞ்சது. மீதி மூணு ஞாயிற்றுக்கிழமை எதில் போச்சு தெரியுமா? ஓட்டையில். ஓட்டை போடுறது, அதுக்குள்ள மரை போடுறது, ரெண்டு பக்கத் தகட்டிலும் ஓட்டைகள் நேருக்கு நேர் வரவைக்கிறது. கடைசியில் நாலாவது ஓட்டையில் டேப் 'டிக்'குன்னு ஒரு சத்தம் போட்டு உள்ளேயே உடைஞ்சு நின்னுடுச்சு.

சிதம்பரத்தில் மாமா வீட்டுப் பக்கம் ஒரு லேத் பட்டறை இருக்கு. தகட்டை எடுத்துக்கிட்டு அங்கே போனேன். பட்டறை அண்ணன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துட்டு முதல்ல கேட்டது, "எத்தனை பிட்டு போட்ட தம்பி?"

"ரெண்டு புள்ளி நாலு, அண்ணே."

"எம்-மூணு மரைக்கு ரெண்டரை போடணும். புள்ளி ஒண்ணுதானேன்னு நெனச்ச, இல்ல?"

அதேதான் நெனச்சேன். கணக்கு ரொம்ப எளிது. மூணு மில்லிமீட்டர் திருகாணிக்கு மரையின் இடைவெளி அரை மில்லிமீட்டர். மூணில் அரையைக் கழிச்சா ரெண்டரை. அந்த அளவு ஓட்டை இருந்தா டேப் வெட்ட வேண்டிய உலோகம் அளவா இருக்கும். குறைஞ்சா டேப் திணறும், அதுவும் ஸ்டெயின்லெஸ் வேலை செய்யச் செய்ய இறுகுற உலோகம். டேப்போ கண்ணாடி மாதிரி, வளையாது, உடையும்.

அப்புறம் அவர் எனக்குச் செஞ்சு காட்டினார். ரெண்டு தகடையும் ஒண்ணா அடுக்கி இறுக்கி, ஒரே தடவையில் ரெண்டிலும் ஓட்டை. ஓட்டை போட்ட கையோட, தகடு அசையறதுக்கு முன்னாடி, டிரில் மெஷினில் பிட்டைக் கழட்டி அதே இடத்தில் டேப்பை மாட்டி, மோட்டாரை அணைச்சுட்டு, சக்கைக் கையால் திருப்பினார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, ஒரு சொட்டு எண்ணெய். டேப் சாயவே வழியில்லை. எனக்கு மூணு வாரம் ஆன வேலை அவருக்கு இருபது நிமிஷம்.

அன்னிக்குச் சாயங்காலம் கடலூர் போற பாசஞ்சரில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் வண்டி நின்னுச்சு. மடியில் டேப் உடைஞ்ச தகடு. அப்போதான் உறைச்சது. உலகத்துக் கத்தி எஃகின் கதையில் ஒரு முக்கியமான அத்தியாயம் இந்த ஊரில்தானே நடந்தது? அதுதான் இன்றைய எபிசோடு.

பரங்கிப்பேட்டைன்னா நிறைய பேருக்கு 1781-இல் ஹைதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த சண்டை ஞாபகம் வரும். இல்லைன்னா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். ஆங்கிலேயர்கள் இதை 'போர்ட்டோ நோவோ' என்றார்கள், போர்ச்சுகீசிய மொழியில் புதுத் துறைமுகம். இங்கே 1830 வாக்கில் ஒரு இரும்பாலை வந்தது. நாட்டு உலை அல்ல, ஐரோப்பிய பாணியில், ஊதுலையோடு கட்டிய ஆலை. ஜாம்ஷெட்பூருக்கு முக்கால் நூற்றாண்டு முன்னால்.

கட்டியவர் ஜோசியா மார்ஷல் ஹீத். மதராஸில் கம்பெனி உத்தியோகஸ்தர், சேலம் பகுதியில் வேலை பார்த்தவர். இரும்பு பற்றி முறையாகப் படித்தவர் இல்லை. ஆனால் சேலத்தில் இருந்தவர் கண்ணில் இரும்பு படாமல் இருக்குமா? கஞ்சமலையைச் சுற்றி எங்கே கால் வைத்தாலும் காந்தக்கல். மலையடிவாரத்தில் மண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, சின்னச் சின்ன இரும்புக் கட்டிகள்.

அதைவிட அவரை அசத்தியது அங்கே எஃகு செய்த விதம். பிற்பாடு ராயல் ஏசியாட்டிக் சொசைட்டிக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் அதை விவரிக்கிறார். இரும்பைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, அரை பவுண்டில் இருந்து இரண்டு பவுண்டு வரை களிமண் மூசைக்குள் வைப்பார்கள். கூடவே காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்க இலை. மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்து, இருபது, இருபத்துநாலு மூசைகளை ஒரே உலையில் அடுக்கி ஊதுவார்கள். சுமார் இரண்டரை மணி நேரம். உடைத்தால் உள்ளே உருகி இறுகிய எஃகுக் கட்டி.

இரண்டரை மணி நேரம் என்பதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்க. அதே காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இரும்புப் பட்டைகளைக் கரித்தூளோடு அடுக்கி நாள் கணக்கில் சூடேற்றி எஃகாக்கினார்கள். அப்புறம் அதை உடைத்து மூசையில் போட்டு மறுபடி உருக்க வேண்டும். ஆவாரங்குச்சிக்காரர்கள் அந்த இரண்டு படியையும் ஒன்றாக்கியிருந்தார்கள். நேரத்தை மிச்சம் பிடிப்பது மேற்கத்திய புத்தி, நம்ம ஊர் வேலை மெதுவான வேலைன்னு ஒரு பேச்சு இருக்கே, அதுக்கு இந்த ஒரு உதாரணமே போதும்.

ஹீத்துக்கு முன்பே இந்த எஃகு லண்டனுக்குப் போயிருந்தது. நாம் உருக்கு என்பதைக் கன்னடத்தில் உக்கு என்பார்கள். அங்கே போய் அது 'வூட்ஸ்' ஆனது. 1790-களில் பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பேங்ஸுக்கு மாதிரிகள் அனுப்பினார். ஜார்ஜ் பியர்சன் என்பவர் அதை ஆராய்ந்து 1795-இல் கட்டுரை எழுதினார். அதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டிடம் ஒரு துண்டைக் கொடுத்தபோது, அவர் அதில் செய்து பார்த்தது வாளோ ஈட்டியோ அல்ல. ஒரு பேனாக்கத்தி.

பேனாக்கத்தி என்ற சொல்லே ஒரு வரலாறு. பேனா போர்ச்சுகீசியச் சொல், பொருள் இறகு. இறகைச் சீவி எழுதிய காலத்தில் அதைச் சீவ ஒரு குட்டிக் கத்தி வேண்டும். சட்டைப்பையில் வைக்க வேண்டும் என்றால் அலகை மடக்க வேண்டும். மடக்க வேண்டும் என்றால் ஓட்டை போட வேண்டும். அப்படித்தான் நம்ம கதை ஓட்டைக்கு வருது.

அதுக்கு முன்னாடி ஆலைக்கு வருவோம். ஹீத் 1820-களில் உத்தியோகத்தை விட்டார். மதராஸ் மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனி உரிமையை வாங்கினார். கம்பெனி அரசிடம் முன்பணமும் வாங்கினார். ஆலைக்குப் பரங்கிப்பேட்டையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் துறைமுகம். ஆனால் தாது இருந்தது சேலத்தில். காவிரி, கொள்ளிடம் வழியாகப் பரிசல்களில் இறக்கி, கான்சாகிப் வாய்க்கால் வழியாக வெள்ளாற்றுக்குக் கொண்டுவந்தார்கள். சிதம்பரம் பக்கத்து நண்பர்களுக்கு அந்த வாய்க்கால் தெரிஞ்சிருக்கும். இன்னிக்கும் அதில் வயலுக்குத் தண்ணி போகுது. ஆற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்களில்தான் பரிசல் ஓடும் என்பதைச் சொல்லணுமா என்ன.

கரி இன்னும் பெரிய தலைவலி. நிலக்கரி இல்லை, மரக்கரிதான். ஊதுலை ஒரு பசி அடங்காத ஜீவன். சுற்றுவட்டாரக் காட்டை வெட்டி எரிக்க எரிக்க, அடுத்த வண்டிக் கரி இன்னும் தள்ளியிருந்து வர வேண்டும், விலையும் ஏறும். கிராமத்து உலைக்காரருக்கும் அதே காட்டுக் கரிதான் ஆதாரம். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அதே மாவட்டத்து மண்ணுக்கு அடியில், நாற்பது கிலோமீட்டருக்குள் படுத்துக் கிடந்தது என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த ஈரக்கரி ஊதுலைக்கு உதவியிருக்காது, ஆனாலும் அந்த வழியாகப் போகும்போது நினைக்காமல் இருக்க முடியலை.

கேரளத்தில் பேப்பூரில் இன்னொரு ஆலை, சேலம் பக்கம் பாலம்பட்டியில் ஒன்று, திருவண்ணாமலைப் பக்கம் ஒன்று என்று தொழில் விரிந்தது. லாபம் விரியவில்லை. கம்பெனியின் பெயர்கள் மாறின, முதலாளிகள் மாறினார்கள், 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று புதிதாக ஒன்று பொறுப்பேற்றது. 1860-களில் பரங்கிப்பேட்டை உலை அணைந்தது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். இணையத்தில் தேடினால், வேல்ஸில் உள்ள மெனாய் தொங்குபாலமும் பிரிட்டானியா பாலமும் பரங்கிப்பேட்டை இரும்பில் கட்டியவை என்று பல இடங்களில் இருக்கும். கேட்கவே நெஞ்சு நிமிரும். ஆனா தேதியைப் பாருங்க. மெனாய் பாலம் திறந்தது 1826-இல். நம்ம ஆலை வந்தது 1830 வாக்கில். அந்தப் பாலத்தை விட்டுடலாம். பிரிட்டானியா பாலம் 1850, அதில் காலக்கணக்காவது இடிக்கவில்லை. பெருமைக்காக ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி ஒரு கழித்தல் கணக்கு போட்டுக்கிறது நல்லது. எம்-மூணு கணக்கு மாதிரி.

பரங்கிப்பேட்டை இரும்பு கப்பலேறி ஷெஃபீல்டுக்குப் போனது உண்மை. இரும்புக்குப் பின்னாலேயே ஹீத்தும் போனார்.

அந்தக் காலத்து ஷெஃபீல்டை நினைச்சுப் பாருங்க. ஊர் முழுக்கக் கத்திதான் வேலை. ஒருவர் அலகை அடிப்பார், ஒருவர் சாணை பிடிப்பார், ஒருவர் பிடி போட்டுக் கோப்பார். ஒவ்வொருவரும் தனித்தனிச் சின்னப் பட்டறை. தண்ணீர் இல்லாத வறட்டுச் சாணையில் முள்கரண்டி தீட்டியவர்களின் நுரையீரல் கல்தூளால் நிரம்பி, முப்பதைச் சுற்றியே பலர் இறந்துபோனார்கள். அதே ஊரில் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1822-இல் தன் கைத்திறனைக் காட்ட ஒரு மடக்குக்கத்தி செய்தது. அதில் எத்தனை அலகு? 1,822.

மடக்குக்கத்தி கோக்கிறவரின் ஓட்டை வேலையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அப்போது மின்சாரம் கிடையாது, மரை வைத்த திருகாணியும் மடக்குக்கத்திக்குள் வரவில்லை. எல்லாம் கம்பியை ஓட்டையில் நுழைத்து இரண்டு முனையையும் தட்டிப் பரப்புகிற தறையல் வேலை. ஓட்டை போட வில் துறப்பணம். நம்ம ஊர்த் தச்சர் வைத்திருந்தாரே, அதே தத்துவம். கயிற்றைத் துறப்பணத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் முனை சுழலும். ஷெஃபீல்டுக்காரர் மார்பில் ஒரு இரும்புத் தகடு கட்டிக்கொள்வார். துறப்பணத்தின் பின்முனையை அந்தத் தகட்டில் ஊன்றி, உடம்பின் எடையாலேயே அழுத்துவார். ஒரு கை வில்லுக்கு, ஒரு கை கத்திக்கு, அழுத்துவதற்கு நெஞ்சு.

இதில் ஒரு அருமையான கருவி உண்டு, பெயர் பார்சர். பழைய மடக்குக்கத்திகளின் பிடியில் கேடய வடிவில் ஒரு சின்ன உலோகத் தகடு பதித்திருக்கும், பார்த்திருப்பீங்க. அந்தத் தகடு உட்கார, பிடியில் அதே வடிவத்தில் பள்ளம் எடுக்கணும். உளியால் எடுத்தால் பாதி நாள் ஓடிவிடும், மூலையும் பிசிறும். பார்சருக்கு இடுக்கி மாதிரி இரண்டு கால். அந்த வடிவம் வெட்டிய கடின எஃகுத் தகடு ஒன்றைப் பிடிமேல் வைத்து, இரண்டு காலையும் அழுத்தி அதற்குள் விட்டு, வில்லால் சுழற்றுவார்கள். கால்கள் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும், அச்சுத்தகடு விடாது. சுழலச் சுழல அந்த வடிவத்தின் ஓரத்தை ஒட்டியே கால்கள் ஓடி, வட்டமாகச் சுற்றுகிற ஒரு கருவி வட்டமில்லாத பள்ளத்தை வெட்டிவிடும்! சில நிமிட வேலை. கடினத்தகட்டை ஒரு தடவை செய்துவிட்டால் ஆயிரம் கத்திக்கு அது போதும். சிதம்பரத்து அண்ணன் என் தகடுகளை ஒன்றாக அடுக்கி ஓட்டை போட்டதும் இதே புத்திதான். யோசனையை ஒரு தடவை கருவிக்குள் பூட்டி வைத்துவிட்டால், அப்புறம் கை யோசிக்க வேண்டாம்.

இந்த ஊரில் ஹீத் 1839-இல் ஒரு காப்புரிமை எடுத்தார். எஃகை மூசையில் உருக்கும்போது மாங்கனீசு-கார்பன் சேர்மத்தைக் கொஞ்சம் சேர்ப்பது. அவ்வளவுதான், கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். விளைவு பெரிது. அதுவரை நல்ல எஃகுக்கு ஸ்வீடனிலிருந்து வரும் விலை உயர்ந்த இரும்புதான் வேண்டும். மாங்கனீசு சேர்த்தால் மலிவான உள்நாட்டு இரும்பிலும் நல்ல எஃகு வந்தது. விலை முப்பது, நாற்பது சதவீதம் இறங்கியது. இன்னொன்று, கத்திக்காரர்களுக்கு நேரடியாகப் பட்டது: இந்த எஃகை இரும்போடு உலையில் ஒட்டவைக்க முடிந்தது. வெட்டுகிற அலகு மட்டும் வார்ப்பு எஃகு, பிடிக்குள் போகிற வால் மலிவான இரும்பு. சாப்பாட்டு மேசைக் கத்தி சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டியது.

இதில் ஒரு கசப்பு இருக்கு. இது என் கணிப்பு, அப்படியே எடுத்துக்கோங்க. பரங்கிப்பேட்டை இரும்புக்கு இருந்த ஒரே மதிப்பு, அது மரக்கரியில் செய்த சுத்தமான இரும்பு என்பது. ஸ்வீடன் இரும்போடு போட்டி போடுகிற சரக்கு. சுமாரான இரும்பையும் நல்ல எஃகாக்கலாம் என்று அதன் முதலாளியே காட்டிவிட்டால், வெள்ளாற்றங்கரையிலிருந்து அதை யார் கப்பல் கூலி கொடுத்து வாங்குவார்கள்?

அவருக்கும் அது சோறு போடவில்லை. ஷெஃபீல்டில் அவருடைய முகவராக இருந்த அன்வின் என்பவர், அந்தச் சேர்மத்தைத் தனியாகச் செய்ய வேண்டியதே இல்லை, மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் மூசையில் போட்டால் அது உள்ளேயே உருவாகிவிடும் என்று கண்டார். செலவும் குறைவு. காப்புரிமையில் எழுதியிருப்பது சேர்மம், நாங்கள் போடுவது சேர்மம் அல்ல, ஆகவே பணம் தர மாட்டோம் என்று ஊரே சொன்னது. வழக்கு வருடக் கணக்கில் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறியது. ஹீத் 1851-இல் வறுமையில் இறந்துபோனார். அதே வருஷம்தான் லண்டன் பொருட்காட்சியில் ராட்ஜர்ஸ் நிறுவனம் 75 அலகு கொண்ட நார்ஃபோக் கத்தியை வைத்து உலகத்தை வாய் பிளக்க வைத்தது. வழக்கில் கடைசித் தீர்ப்பு 1855-இல், பிரபுக்கள் சபையில், ஹீத் தரப்புக்கு எதிராக. அடுத்த வருஷம் பெஸ்ஸமர் தன் புகழ்பெற்ற எஃகு முறையை அறிவித்து, அது சரியாக வராமல் திணறியபோது, ராபர்ட் மஷெட் அதைச் சரிசெய்தது எதைச் சேர்த்து? மாங்கனீசு கலந்த இரும்பை.

இந்த மனுஷன்மேல் எனக்குப் பரிதாபம் உண்டு, ஆனா முழுசா இல்ல. ஆவாரங்குச்சி மூசைக்காரர்களின் வித்தையை உலகத்துக்கு எழுதிச் சொன்னவர் அவர். அவர்களில் ஒருவர் பெயரைக்கூட நாம் இன்று சொல்ல முடியவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போக ஒரு காப்புரிமையாவது இருந்தது.

அவருடைய அதே கடிதத்தில் ஒரு துணிச்சலான ஊகமும் உண்டு. எகிப்தியர்கள் கருங்கல் தூண்களில் அத்தனை எழுத்துகளை வெட்டியது இந்திய எஃகுக் கருவிகளால்தான் இருக்கும் என்றார். இன்றைய ஆய்வு அதை ஏற்கவில்லை. செம்புக் குழாயைச் சுழற்றி, அடியில் மணலைப் போட்டு, மணலையே வெட்ட வைத்தார்கள். துளைப்பது செம்பு அல்ல, மணல். கெட்டியான கல் விஷயத்தில் எஃகு பெரிய ஆள் இல்லை என்பதை ஹீத் தன் ஆலைக்குப் பக்கத்திலேயே பார்த்திருக்கலாம்.

கடலூர் சிப்காட் தெரியும்தானே, கெமிக்கல் வாசனை மூக்கில் ஏறுமே. அங்கே உப்பனாற்றங்கரையில் குடிகாடு, காரைக்காடு என்று ஊர்கள். சுமார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய துறைமுகக் குடியிருப்பு அது. அகழாய்வில் ரோமானியத் தொடர்பு காட்டும் பானை ஓடுகளும் மணிகளும் கிடைத்தன. கொஞ்சம் வடக்கே போனால் அரிக்கமேடு, அது மணித் தொழிலுக்கே பேர்போன இடம். இந்தக் கரையில் புழங்கிய மணிகளில் ஒரு வகை சூதுபவளம். குவார்ட்ஸ் குடும்பத்துக் கல். நல்ல எஃகு ஊசியால் கீறினாலும் கீறல் விழாது. அதில் நூல் கோக்கிற ஓட்டை போடணும்.

சிந்துவெளிக்காரர்கள் இதற்கு ஒரு தனிக் கல்லையே துறப்பண முனையாக்கினார்கள். தொல்லியலாளர் ஜொனாதன் மார்க் கெனோயர் அதே மாதிரி செய்து பார்த்ததில், ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர்தான் இறங்கியது. முப்பத்தாறு நீண்ட மணிகள் கோத்த ஒரு இடுப்பணிக்கு 480 வேலை நாளுக்கு மேல் ஆகியிருக்கும் என்பது அவர் கணக்கு. ஒரே ஒரு நகைக்கு!

அப்புறம் வந்தது வைரம். இரும்புக் கம்பியின் நுனியில் இரண்டு பொடி வைரத் துணுக்குகளைப் பதித்து, வில்லால் சுழற்றுவது. குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் சின்ன மணிகளை நிமிஷக் கணக்கில் துளைக்கிறார்கள். வைரத் துணுக்குகளை இரும்பில் பதித்துக் கடினமான கல்லைக் குடைவது பற்றி முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினியே எழுதியிருக்கிறார். அன்று உலகத்துக்கு வைரம் இந்தியாவிலிருந்துதான். இதற்கு எழுத்துச் சாட்சி மட்டும் இல்லை. குவினெட், கோரெலிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய மணிகளின் ஓட்டைக்குள் சிலிகான் ரப்பரை விட்டு அச்செடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பல் டாக்டர் நம்ம பல்லுக்கு அச்செடுப்பாரே, அதே மாதிரி. இலங்கையின் மாந்தைத் துறைமுகத்தில் கி.பி. 700 முதல் 1000 வரையிலான மணிகளில் வைரத் துறப்பணத்தின் வளையத் தடம் அப்படியே இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி போட்ட ஓட்டை, எந்தக் கருவியால் போட்டதுன்னு உள்சுவரில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறது.

சரி, என் ஓட்டைக்கு வருவோம். வில் துறப்பணம் முன்னும் பின்னும் சுழல்வதால் அதன் முனை இரண்டு திசையிலும் வெட்ட வேண்டும். அதனால் தட்டையான முனைதான், தூளும் உள்ளேயே சிக்கும். ஒரே திசையில் சுழன்று, தூளைச் சுருள் பள்ளம் வழியாக மேலே தள்ளுகிற இன்றைய பிட், 1863-இல் அமெரிக்காவில் ஸ்டீஃபன் மோர்ஸ் காப்புரிமை எடுத்தது. மரைக்கு முன்பெல்லாம் பட்டறைக்கொரு அளவு. 1841-இல், அதாவது ஹீத் காப்புரிமை எடுத்த இரண்டாம் வருஷம், ஜோசப் விட்வர்த் எல்லோருக்கும் ஒரே அளவு என்று முன்வைத்தார். அப்புறம்தான் ஒரு கடையில் டேப்பும் வேறு கடையில் திருகாணியும் வாங்க முடிந்தது.

பாக்கி இருப்பது டேப்பின் எஃகு. டேவிட் மஷெட் என்ற உலோகவியலாளர் நம்ம வூட்ஸ் எஃகை ஆராய்ந்து 1805-இல் எழுதினார். முன்னே சொன்னேனே ராபர்ட் மஷெட், அவர் இவருடைய மகன். 1868-இல் அவர் டங்ஸ்டன் சேர்த்து ஒரு எஃகு செய்தார். சூடாகிப் போனாலும் கூர் மழுங்காமல் தாக்குப்பிடித்தது. நூற்றாண்டு முடியும்போது அமெரிக்காவில் டெய்லரும் வைட்டும் அந்த வழியிலேயே போய், நுனி சிவக்கச் சிவக்க வெட்டுகிற கருவியை 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஓட்டிக் காட்டினார்கள். உங்கள் டிரில் பிட்டின் தண்டில் எச்.எஸ்.எஸ். என்று மூன்று எழுத்து இருக்கும், அதிவேக எஃகு. அது இதுதான்.

உடைஞ்ச டேப்பை வெளியே எடுக்க முடியுமான்னு அண்ணனைக் கேட்டேன். பொறி விட்டு அரிச்சு எடுக்கிற மெஷின் இருக்கு, ஆனா அதுக்கு ஆகுற காசில் பத்துத் தகடு வாங்கலாம்னார். புதுத் தகடு போட்டோம். போகும்போது ஹார்ட்வேர் கடையில் டேப் வாங்கிக்கிட்டேன். மதராஸ் கம்பெனி, அடிசன். கூடவே ரெண்டரை பிட்டு ரெண்டு.

கத்தி இப்போ திறக்குது, மடங்குது. திறக்கும்போது கொஞ்சம் இடப்பக்கம் ஆடுது, அது என் வேலை. நாலு மரையும் நேரா இருக்கு, அது அவர் வேலை. டேப் உடைஞ்ச தகட்டைத் தூக்கிப்போட மனசு வரலை, இந்த எபிசோடு ரெக்கார்டு பண்ற மேசையில்தான் பேப்பர் பறக்காம இருக்கக் கிடக்குது.

அடுத்த எபிசோடில் கான்சாகிப் வாய்க்காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாப் பேசலாம்னு இருக்கேன். சிதம்பரம், புவனகிரி பக்கம் இருக்கிறவங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட அந்த வாய்க்காலில் படகு போனதாக் கேள்விப்பட்டிருக்காங்களான்னு விசாரிச்சு வைங்க.